வெள்ளிக் கிண்ணம் வாங்கிய குழந்தை

டிஸ்பென்சரித் தம்பிகளே, நீங்கள் அனுப்பிய அழைப்பு வந்து சேர்ந்தது. சீமை ராஜாவின் வெள்ளி விழாவை ஒட்டி எஸ்டேட்டில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்துகிறீர்களாம். ஓய்வு பெற்ற கம்பவுண்டர் என்ற முறையில் நான் நடுவராக வந்து உட்கார வேண்டுமாம். அதே ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு அதே மைதானத்தில் முதல் போட்டியை நடத்தியவன் நான்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் எங்காவது இருந்தால் மேசைமேல் வைக்க அதையும் கொண்டுவரச் சொல்கிறீர்கள். போதாததற்கு அழைப்பில் என் பெயருக்கு முன்னால் 'முன்னோடி' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது வாயிலிருந்த காப்பி புரையேறிவிட்டது.

கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். வருகிறேனா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்தின் கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். மிக்சர் கலக்குவது, கட்டுப் போடுவது, பேதி மருந்து அளப்பது எல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாவிட்டால் சுவரில் அட்டவணை தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் நோயைப் பார்த்துக் கைதட்டிய மடையன் ஒருவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த மடையன் நான்.

நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் பாதிக் கரிசல் பூமி. வீட்டில் காலையில் கேழ்வரகுக் களியும் மோரும், மத்தியானம் சோளம் அல்லது கம்பு, கூட ஏதாவது ஒரு கீரை. அரிசிச் சோறு அமாவாசைக்கும் விருந்தாளிக்கும். படிக்கப் பாலக்காட்டு டவுனுக்குப் போனேன். கோயில் தெருப் பையன்கள் வெள்ளை வெளேரென்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவார்கள். என் தூக்குவாளியைத் திறந்தால் கறுப்பாக ஓர் உருண்டை. அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் களியுருண்டை. பள்ளிக்கூடத்தை விட்டு வரும்வரை அந்தப் பெயர் போகவில்லை. கோயமுத்தூரில் கம்பவுண்டர் பரீட்சை தேறி, தேவிகுளத்துக்கு மேலே உங்கள் தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, இனிமேல் கேழ்வரகைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக் கேலியை நான் வைத்தியமாக மாற்றிக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

டிஸ்பென்சரிக்கு வரும் தாய்மார்கள் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பார்கள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வேன்: நல்ல வெள்ளை அரிசியைக் குழைத்துக் கொடு. சீனி போடு. முடிந்தால் டின் பால் கொடு. அலமாரியில் டின் பால் அடுக்கியிருக்கும். டின்னைச் சுற்றி ஒட்டிய தாளில் கன்னம் உப்பிய குழந்தை ஒன்று சிரிக்கும். அந்தப் படம்தான் எனக்கு வைத்திய சாஸ்திரம். டின்னுக்குள் இருப்பது வெண்ணெய் எடுத்த பாலும் மலைபோல் சர்க்கரையும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் என் தம்பி ஊரிலிருந்து வந்தான். தலையில் ஒரு மூட்டை. டிஸ்பென்சரி வாசலில், தலைமைக் கிளார்க் என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை இறக்கி வைத்தான்.

"ஏனுங்ண்ணா, நம்ம காட்டு ராகிங்க. மலைக் குளுருக்குக் களி கிண்டித் தின்னா ஒடம்புக்கு நல்லதுன்னு அம்மா குடுத்தனுப்பிச்சாங்க" என்றான், ஊருக்கே கேட்கும்படி.

கிளார்க் மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "இதெல்லாம் இங்கே யார் தின்கிறார்கள்" என்று தம்பியைக் கடிந்துகொண்டேன். டிஸ்பென்சரியைப் பெருக்க வரும் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, "இதை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்குப் போடு" என்றேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்தெடுக்க வந்தவள் அவள். லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஏழாவது வீடு. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். தம்பி அன்று மத்தியானமே ஊருக்குத் திரும்பிவிட்டான். இனிமேல் இந்த மாதிரிச் சாமான் எதையும் கொண்டுவர வேண்டாம் என்று நான் கடிதமும் போட்டேன். படித்த திமிருக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி கங்காணி. அறுபது எழுபது ஆட்களைத் தெற்கேயிருந்து கூட்டிவந்தவர், பெரிய மனிதர். துரைக்கு அடுத்தபடி தான்தான் என்ற நினைப்பு அவர் நடையிலேயே தெரியும். அவருக்கு ஒரே மகள், பொன்னுத்தாயி. பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை. கங்காணி என்னிடம் வந்தார். நான் டின் பாலைக் கொடுத்தேன். அதில்கூடப் பெரிய தப்பில்லை, அந்த நேரத்துக்கு வேறு வழி கிடையாது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபிறகும், ஒரு வருடம் ஆனபிறகும், நடக்கவேண்டிய வயது வந்தபிறகும் அதையே கொடு என்றேன் பாருங்கள், அதுதான் தப்பு. பாலாவது தேவைக்கு வந்தது. அதன்பிறகு வெள்ளைச் சோறு, சீனி, பிஸ்கட்டு எல்லாம் கௌரவத்துக்கு வந்தன. லயத்துப் பிள்ளைகள் தின்கிற எதுவும் தன் மகள் வாயில் படக்கூடாது என்பது கங்காணியின் கொள்கை. கீரை ஆடு தின்பது. பருப்பு வாயு. முட்டை சூடு. வெயிலில் விட்டால் கறுத்துப்போவாள். பிள்ளை நாள் முழுதும் கம்பளி விரித்த அறைக்குள்ளேயே கிடந்தாள். காலி டின்களைக் கங்காணி எறியவில்லை. வீட்டு முகப்பில் கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். எஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். எத்தனை டின் தொங்குகிறதோ அத்தனை மரியாதை. மற்ற கங்காணிகளும் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டில் கட்டத் தொடங்கினார்கள். நானும் அந்த வழியாகப் போகும்போது நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

முடிசூட்டு விழா வந்தது. துரைசாணிக்கு ஒரு யோசனை தோன்றியது, சீமையில் நடப்பதுபோல இங்கும் குழந்தைப் போட்டி வைக்கலாமென்று. நடுவர் யார்? ஆங்கிலம் தெரிந்த கம்பவுண்டர் இருக்கவே இருக்கிறான். குழந்தைகளை நிறுக்கத் தராசு? கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கவே இருக்கிறது. கூடையில் பச்சை இலைக்குப் பதில் பிள்ளையை உட்கார வைத்தோம். முள் எங்கே அதிகம் இறங்குகிறதோ அங்கே பரிசு. பல்லைப் பார்த்தேனா, காலைப் பிடித்துப் பார்த்தேனா, நிற்கச் சொன்னேனா? ஒன்றும் கிடையாது. இலையை நிறுப்பவன்கூடக் கூடைக்குள் கைவிட்டு முற்றல் இருக்கிறதா என்று பார்ப்பான். நான் அதையும் செய்யவில்லை.

முத்துப்பேச்சி தன் மகன் சுடலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றரை வயது, கறுத்த பயல். கூடையில் வைத்தால் உட்காராமல் வெளியே குதித்தான். ஓடிப்போய்க் கிளார்க்கின் குடையைப் பிடித்து இழுத்தான். துரைசாணி சிரித்தாள். எனக்கு எரிச்சல்.

"கேப்பையைப் போட்டு வளர்த்தால் இப்படித்தான் குச்சியாக இருப்பான்" என்றேன்.

"குச்சியா இருந்தாலும் நிக்கானே ஐயா" என்றாள் முத்துப்பேச்சி. அதோடு விட்டாளா? கிளார்க் பக்கம் பார்த்துக்கொண்டு, "கேப்பையும் ஐயா குடுத்த மூட்டைதான். கோழிக்குப் போடச் சொன்னாக. கோழிக்கு எதுக்குன்னு எம்புள்ளைக்குப் போட்டேன்" என்றாள்.

கிளார்க் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அடுத்த பெயரை உரக்கக் கூப்பிட்டேன்.

பொன்னுத்தாயியைக் கங்காணியே தூக்கி வந்தார். இரண்டு வயது ஆகப்போகிறது. பட்டுப் பாவாடை. கூடையில் வைத்ததும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை வியர்த்து முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது, அந்தக் குளிரிலும். முள் சரேலென்று இறங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. "பாருங்கள், எவ்வளவு அடக்கம்!" என்று நான் துரைசாணிக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அடக்கமாவது மண்ணாவது. அந்தக் குழந்தையால் எழுந்து நிற்க முடியாது, தம்பிகளே. கால் எலும்பு அத்தனை மெத்தென்று இருந்தது. நான் அவள் கையில் வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்துக் கைதட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் நடக்கத் தொடங்கும்போது இரண்டரை வயது தாண்டிவிட்டது. "கனமான பிள்ளை, அதனால் தாமதம்" என்றேன். பல் கறுத்து உதிர்ந்தது. "பால் பல்தானே" என்றேன். ஏழு வயதில் முட்டிக்கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. கங்காணி கேட்டார். "வளர வளர நேராகிவிடும்" என்றேன். ஒவ்வொரு தடவையும் பதில் என் வாயில் தயாராக இருந்தது. உங்களுக்கும் இருக்கும். நோயாளி கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் வந்து நின்றால் அந்தப் பதிலை விழுங்கிவிடுங்கள். பதினைந்து வயதில் அவள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தாள். அதையும் குடும்பப் பெருமையாக்கினார் கங்காணி. "எம் மக மலையேறிக் கொழுந்தெடுக்கப் பொறந்தவளா?" என்பார்.

இதற்கிடையில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, பட்டும் புத்திக்கு எட்டவில்லை. எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் முழு ஆளாகப் பேர் பதிய வரும்போது நான்தான் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். டின் தொங்கிய வீடுகளின் பையன்கள் வருவார்கள். சட்டை நன்றாக இருக்கும். மார்பில் குழாயை வைத்தால் டிஸ்பென்சரிப் படி ஏறிய களைப்பே இன்னும் தீர்ந்திருக்காது. கிளார்க்கின் மகன் ஒருவனுக்கு இருபது வயதில் கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. பொழுது சாயும் முன்பே கண் மங்குகிறது என்று சொன்னவன் ஒருவன். நான் எல்லோருக்கும் டானிக் எழுதினேன். டானிக் சிவப்பாக இருக்கும். குடித்தவன் சந்தோஷமாகப் போவான்.

ஏழைச் சாப்பாட்டுக்கு நான் கொடி பிடிப்பதாக நினைத்துவிடாதீர்கள். லயத்தில் பாதி வீட்டில் பிள்ளைகளுக்குக் காலையில் கறுப்புத் தேநீரும் பழைய சோறும்தான். முத்துப்பேச்சிக்கே சுடலைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தவறிப்போயின. இல்லாதவன் கொடுக்காமல் கெடுத்தால் அவன்மேல் பழியில்லை. எல்லாம் வைத்துக்கொண்டு, அதில் வெளுப்பானதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பிள்ளைக்கு ஊட்டி, அதற்கு ஒரு கம்பவுண்டரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கையெழுத்துப் போட்டவனையும் சேர்த்து.

பொன்னுத்தாயிக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அத்தை மகன், கம்பம்மெட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. மறு வருடம் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள்.

காலையில் வலி கண்டது என்று எனக்கு ஆள் வந்தபோது உச்சிப்பொழுது. போனேன். எனக்கு முன்னால் முத்துப்பேச்சி அங்கே இருந்தாள். லயத்துப் பிரசவங்களுக்கெல்லாம் அவள்தான் கை கொடுப்பாள். கங்காணிக்கு அவள் தன் வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை, வேறு ஆள் கிடைக்காமல் விட்டிருந்தார். நான் பார்த்தேன். தலைச்சன் பிரசவம், நேரமாகும் என்றேன். அப்போதும் பதில் தயாராக இருந்தது. சாயங்காலம் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போனால் நிலைமை அப்படியே இருந்தது. வலி வருகிறது, போகிறது, பிள்ளை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பொன்னுத்தாயியின் உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "ஐயா, என்னமாச்சும் செய்யுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது அவளால்.

நான் பையிலிருந்து எர்காட் சீசாவை எடுத்தேன். வலியைக் கூட்டும் மருந்து. பிள்ளை வர வழி இருந்தால் அது உதவும். வழி இல்லாத இடத்தில் அதைக் கொடுத்தால் கர்ப்பப்பை கிழியும். புத்தகத்தில் இருக்கிறது, நானும் படித்தவன்தான். ஆனால் வழி இருக்கிறதா இல்லையா என்று நான் யோசிக்கவேயில்லை. எஸ்டேட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு வழி எப்படி இல்லாமல் போகும்? அளவுக் குவளையில் ஊற்றிவிட்டேன். கங்காணி கதவருகே கைகட்டி நின்று தலையாட்டினார்.

முத்துப்பேச்சி என் கையைப் பிடித்தாள். லயத்துப் பெண் ஒருத்தி கம்பவுண்டரின் கையைப் பிடித்தாள், அதுவும் கங்காணி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இவ நடந்து நீங்க பாத்திருக்கியளா?"

நான் பொன்னுத்தாயியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் பாத்திருக்கேன். வாத்து மாதிரி ஆடி ஆடித்தான் நடப்பா. இடுப்பெலும்பு சப்பையா அமுங்கிக் கெடக்கு. இந்தா, கைய வச்சுப் பாருங்க. இதுக்குள்ள புள்ள எப்படி வரும்? மருந்த ஊத்துனியன்னா வயித்துக்குள்ளயே ரெண்டும் போயிரும்."

பத்தொன்பது வருடம். பொன்னுத்தாயிக்குப் பால் எழுதிக் கொடுத்தேன், பரிசு கொடுத்தேன், டானிக் கொடுத்தேன், கல்யாணத்தில் பாயசம் குடித்தேன். அவள் ஓர் அறையைக் கடந்து நடந்து போவதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. கையை வைத்துப் பார்த்தேன். முத்துப்பேச்சி சொன்னதுதான். எலும்பு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. என் முஷ்டி நுழையும் இடம்கூட இல்லை. மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டினேன். பாதி என் வேட்டியிலேயே விழுந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், இப்போதே" என்றேன்.

அது ஆறு மணி நேர நடை. போன வாரத்து மழையில் பாதை பல இடத்தில் இடிந்திருந்தது, வண்டி போகாது. கம்பளியை மூங்கிலில் கட்டி ஆள்தான் சுமக்க வேண்டும். கங்காணி வாசலை மறித்தார்.

"எம் மகளக் கண்டவன் தோளுல ஏத்தவா? ஊரு பாக்கவா? தலைச்சன்னா ரெண்டு நாளு ஆகத்தான் செய்யும்னு நேத்து நீருதான சொன்னீரு?"

"நான் சொன்னது பொய். நேற்று சொன்னதும் பொய், இருபது வருடமாகச் சொன்னதும் பொய். வழியை விடுங்கள், மகள் செத்துப்போவாள்" என்றேன். என் வாழ்க்கையில் நோயாளியின் வீட்டில் நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அப்போதும் அவர் நகரவில்லை. எந்தச் சாதிக்காரன் சுமப்பது என்று கேட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவரைப் பிடித்துத் தள்ளினாள். மனிதர் சுவரில் போய் மோதினார். அவர் தலைக்கு மேலே டின்கள் கடகடவென்று ஆடின.

எட்டுப் பேர் வந்தார்கள், நாலு பேராக மாற்றி மாற்றிச் சுமக்க. அவர்களில் ஒருவன் முதல் ஏற்றத்தில் தோள் கொடுத்தவன் கடைசிவரை மாற்றவேயில்லை. சேற்றில் முழங்கால் வரை புதைந்தபோதும் மூங்கில் சாயவில்லை. பேர் பதிய வந்தபோது நானே பார்த்த முகமாகத்தான் இருக்கும், நினைவில்லை; யாரிந்தப் பையன் என்று கேட்டேன். "எம்புள்ள சுடலைதான் ஐயா. உங்க தராசுல நிக்காமக் குதிச்சு ஓடுனானே" என்றாள் முத்துப்பேச்சி, பொன்னுத்தாயியின் வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே. அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கத்தியை எடுத்துவிட்டார். பொன்னுத்தாயி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, ஆண் குழந்தை. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த டாக்டர், "நேற்று மத்தியானமே கொண்டுவந்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். பிறகு, "இது இப்போது வந்த கேடு இல்லை. எலும்பு சிறு வயதிலேயே வளைந்து அப்படியே இறுகியிருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது என்ன கொடுத்து வளர்த்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கங்காணி முந்திக்கொண்டார். சட்டை நனைந்து, கண் சிவந்து நின்ற அந்த நேரத்திலும் அவர் குரலில் பழைய பெருமை கொஞ்சம் இருந்தது. "ஒரு கொறையும் வைக்கலங்கய்யா. டின் பாலு, வெள்ளச் சோறு, சீனி, பிஸ்கட்டு. எல்லாம் நம்ம கம்பவுண்டரய்யா சொன்னபடிதான். வெள்ளிக் கிண்ணம் வாங்குன புள்ள."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்த வாரமே கங்காணியின் மனைவி டின்களை அறுத்து ஓடையில் எறிந்தாள். நான் தம்பிக்குக் கடிதம் எழுதினேன், மூட்டை அனுப்பச் சொல்லி. தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்கொட்டகையில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தேன். காந்தலூரிலிருந்து வரும் கீரையும் பீன்சும் துரை பங்களாவுக்கு மட்டும் போகாமல் அங்கேயும் இறங்கின. பிள்ளைகளைக் காலை வெயிலில் வெறும் உடம்போடு விளையாட விட்டேன். கிளார்க்குகள் சிரித்தார்கள், கம்பவுண்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். இப்போது அதற்கெல்லாம் வைட்டமின் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், பட்டணத்திலிருந்து வந்த உங்களில் ஒருவர் எனக்கு விளக்கினார். மிக்க நன்றி. பெயர் தெரியாமலேயே முத்துப்பேச்சிக்கு அது தெரிந்திருந்தது. பெயர் தெரிந்த நீங்கள் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பொன்னுத்தாயிக்கு மறுபடி உண்டானபோது, எட்டாம் மாதமே நானே கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, இப்போது மூன்று வயது. அது லயத்துப் பிள்ளைகளோடு ஓடி, விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு திரிகிறது. பொன்னுத்தாயி புருஷனோடு இங்கேயே வந்துவிட்டாள், பிள்ளைக்கொட்டகையில் ஆயா வேலை பார்க்கிறாள். கங்காணி உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

உங்கள் அழைப்பைப் படித்துக் காட்டி, கிண்ணத்தைக் கேட்கத்தான் நேற்று அங்கே போனேன். அவள் மகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பாத்திரத்தில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி கறுத்து, ஓரம் நசுங்கியிருந்தது. கிண்ணத்தை மேசைமேல் வைக்கக் கேட்கிறார்கள் என்றேன். மீதிக் கஞ்சியை வழித்து ஊட்டினாள்.

"கிண்ணம் மட்டும் எதுக்கு ஐயா? செயிச்சது நான்தான? நானே கொண்டாரேன்."

"கூட்டம் பார்க்குமே அம்மா" என்றேன்.

"பாக்கட்டும். அன்னைக்குத் தூக்கிட்டுப் போயித் தராசுல வச்சிய. நடந்து யாரும் பாக்கலைல்ல? இப்பப் பாக்கட்டும்."

ஆகையால், தம்பிகளே, நான் வருகிறேன். தராசைக் கொழுந்து ஸ்டோருக்கே அனுப்பிவிடுங்கள், அது இலை நிறுக்கட்டும். பிள்ளைகளைக் கூடையில் வைக்காதீர்கள், தரையில் விடுங்கள். எது ஓடுகிறது, எது குடையைப் பிடித்து இழுக்கிறது என்று பார்ப்போம். உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையின் தாயை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசுவோம். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் முதல் பரிசு வாங்கியவள் வருவாள். அவளுக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு யாரும் ஓட வேண்டாம், கை கொடுக்கவும் வேண்டாம். பந்தல் வாசலிலிருந்து மேசை வரைக்கும் வழியை மறைக்காமல் விட்டு வையுங்கள். அவள் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவாள்.